நாலில் ஒன்று வரவில்லை

கார் விஷயத்தில் எனக்குத் தெரிந்த இன்ஜினீயரிங், பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து மூடுவதோடு சரி. படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தவிர உலகத்தில் மற்றதெல்லாம் எனக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

இப்படிப்பட்டவனை நம்பி அப்பா தன் பிரீமியர் பத்மினியை ஒப்படைத்தது அந்த வண்டியின் தலையெழுத்து. 1997-ல் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. இந்த மாடல் உற்பத்தியே நின்று கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அது நின்றால், போகிற வருகிற பையன்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிந்தாமணி தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறினேன். வண்டிக்குத் திடீரென்று விக்கல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் குலுங்குகிறது, விட்டால் சமாதானமாகிறது. பின்னால் வந்த ஒண்ணாம் நம்பர் பஸ் டிரைவர், ஹாரனில் வைத்த கையை மாம்பழச்சாலை வரை எடுக்கவில்லை. கீழே காவிரி பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கென்ன, இன்ஜினா இருக்கிறது?

மெக்கானிக் அரை நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். "மிஸ்ஸிங் சார். இன்ஜினை இறக்கிடணும். போர் பண்ணி, பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தணும். ஒரு நாப்பதாயிரம் ஆகும்" என்று எஸ்டிமேட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

நாற்பதாயிரம்! பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கென்று ஒதுக்கிய பணம் அது. "எடைக்குப் போட்டுடுங்க" என்றாள் மனைவி. பாலக்கரையில் ஒருவரிடம் விலையும் பேசிவிட்டேன். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. அவருக்கு எழுபத்தெட்டு வயது. காது ரொம்ப மந்தம். எதையும் மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டும். அதனாலேயே கொஞ்சம் கொஞ்சமாக, எதையும் அவரிடம் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டோம்.

ஞாயிறு காலை, கடைசியாக ஒருமுறை வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். அப்பா மெல்ல எழுந்து வந்தார். வண்டியின் பின்னால் குனிந்து, சைலன்ஸருக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலுல ஒண்ணு வரலைடா" என்றார்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். 1928-ல் தொடங்கிய இடம். "ரெண்டு சிலிண்டர் ஸ்டீம் இன்ஜின்னா, சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள நாலு மூச்சு விடும். இதுக்கு கிராங்க் ரெண்டு சுத்துக்கு நாலு மூச்சு. ஒண்ணு தப்பினா கைக்கே தெரியும். புகை நீலமா வருதா? ஆயில் குறையுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம் எதுக்கு எடுத்த எடுப்புல ரிங்?"

திக்கென்றது. ரிங் விஷயம் இவருக்கு எப்படித் தெரியும்? என் சட்டைப் பையிலிருந்த எஸ்டிமேட்! அப்பாவுக்குக் காதுதான் கேட்காது; கண் நன்றாகத் தெரியும்.

பிறகு நடந்ததை நான் ஆடிட் என்றுதான் சொல்வேன். நாலு பிளக் ஒயர்களில் ஒன்றைக் கழற்றி, அதன் முனை இன்ஜினின் இரும்பில் படும்படி வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். உதறல் அதிகமானது. அப்படியானால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. அணைத்து, மாட்டி, அடுத்தது. மூன்றாம் நம்பரைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. ஏற்கெனவே லீவில் இருப்பவனை இன்னொரு தடவை லீவில் அனுப்பினால் ஆபீஸில் என்ன தெரியும்?

மூன்றாவது பிளக்கை ஒன்றாவதில் மாட்டி, அதை இதில் மாட்டினோம். பிளக் கெட்டிருந்தால் கோளாறு ஒன்றாம் நம்பருக்குப் போயிருக்கும். போகவில்லை. பிளக் நிரபராதி.

"இருட்டட்டும். ஒயரும் சரியா இருந்தா, பிரஷர் பாத்துட்டு அப்புறம் இன்ஜினை இறக்கலாம்" என்றார்.

ராத்திரி வாசல் விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் பண்ணினோம். மூன்றாவது ஒயர் ஒரு இரும்புப் பட்டையைத் தொடுகிற இடத்தில் நீலமாக ஒரு பொறி, பட் பட்டென்று! பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றி அனுப்புகிறது. பாலம் ஏறுகிற மாதிரி இன்ஜினுக்கு பாரம் கூடினால், சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடும். பிளக் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு சிரமம். ஒயரில் ஓட்டை இருந்தால் அந்தக் குறுக்கு வழியில் நழுவிவிடும்.

அந்தப் பட்டைக்குப் பின்னால் ஒயரைச் செருகியது யார்? இரண்டு வாரம் முன்பு வண்டியைக் கழுவியபோது, பார்க்க நீட்டாக இருக்கட்டும் என்று செருகியவன் சாட்சாத் இந்த பி.காம். அதிர்வில் உரசி உரசி ஒயரின் தோல் உரிந்துவிட்டது.

புது ஒயர் செட் 450 ரூபாய். திங்கட்கிழமை வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, காபி கொடுத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்துப் பாலம் ஏறினேன். டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தவர், பாதிப் பாலத்தில் சொன்னார்: "நாலும் வருது."

இப்போதெல்லாம் வீட்டில் எதுவானாலும் அப்பாவிடம் மூன்று தடவை கத்திச் சொல்லிவிடுகிறோம். தொண்டைதான் கட்டிக்கொள்கிறது. பரவாயில்லை, நாற்பதாயிரத்துக்கு இது மலிவு.