வெட்டினால்தான் மல்பெரி காய்க்கும்

வீட்டில் மல்பெரி வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் குறை, மரம் ஓங்கி வளர்கிறது, பழம் மட்டும் இல்லை என்பதுதான். கத்தி வைக்கத் தயங்குவதே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பேன். முசுக்கொட்டை என்று நம்மவர்கள் அழைக்கும் இந்த மரம், புதிதாக வரும் தளிர்க்கிளையின் இலைக்கணுவில்தான் பூக்கும். பழைய கிளை முற்றிப்போனால் புதுத்தளிர் குறையும், பழமும் குறையும். கிளைகளை மூன்றில் ஒரு பங்காவது குறைத்து, மீதி இலைகளையும் உருவிவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சில வாரங்களில் ஒவ்வொரு கணுவிலும் தளிரும், அதன் அடியில் பச்சை மணிகள் கோத்தது போன்ற பிஞ்சும் தெரியும். அந்த ஒவ்வொரு மணியும் தனித்தனிப் பூவிலிருந்து வந்தது.

வெட்டினால் செடி பட்டுப்போகாதா என்று கேட்கலாம். வெட்டிய இடத்தில் பால் வடிவதைப் பார்த்தால் மனம் பதறத்தான் செய்யும். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் ஆண்டுக்குப் பலமுறை இதே செடியைத் தரையோடு ஒட்ட அறுக்கிறார்கள். அது பல ஆண்டுகள் தழைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் வெயிலும் உரமும் இல்லாத மரத்தை வெட்டிப் பயனில்லை. தொட்டிச் செடிக்கு வெட்டியவுடன் மக்கிய தொழுவுரம் கட்டாயம் போட வேண்டும். அறுத்ததில் பென்சில் பருமனுள்ள குச்சிகளை வீணாக்காதீர்கள். மூன்று நான்கு கணுக்களோடு நறுக்கி ஈரமண்ணில் ஊன்றினால் வேர்விட்டுவிடும், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.