குப்பைத்தொட்டிக்காக ஒரு புகார்

மூணாறுக்கு அருகில் இருக்கிறது மாட்டுப்பட்டி. அணையைக் காண வந்த பயணிகள் மாலையில் திரும்பிவிட, அப்பகுதியின் தேயிலைத் தோட்ட லயங்களில் தொலைக்காட்சிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன. கேரளத்தில் தலைமுறைகளாக வாழும் இத்தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களையும் எட்டும் தமிழ்ப் படங்களில், குருதியும் சிரிப்பும் கலந்த பழிதீர்க்கும் படங்களுக்குத் தனி இடம் உண்டு. பகலெல்லாம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள் திரையில் ஒருவன் வெட்டுண்டு விழும்போது ஏன் சிரிக்க வேண்டும்? வன்முறை மோகம் என்று கூறிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த விடை போதுமானதன்று.

சட்டம் கைவிட்ட இடத்தில் தனிமனிதன் தண்டனை வழங்கும் கதை தமிழுக்குப் புதியதன்று. 'இந்தியன்' (1996), 'அந்நியன்' (2005) ஆகிய படங்களின் நாயகர்கள் கொல்வதோடு நில்லாமல் கற்பிக்கவும் செய்தார்கள். குற்றம் இன்னது, தண்டனை இன்னது என்று அவர்கள் விளக்கினார்கள். நகைச்சுவை பெரும்பாலும் தனித்தடத்தில் ஓடியது. 'டாக்டர்' (2021), 'ஜெயிலர்' (2023) போன்ற படங்களில் அந்தச் சொற்பொழிவு குறைந்துவிட்டது. முகத்தில் சலனமே காட்டாத நாயகனைச் சுற்றிக் கொலையும் கேலியும் ஒரே காட்சியில் நிகழ்கின்றன.

இச்சிரிப்பின் ஊற்றை 'மகாராஜா' (2024) தெளிவாகக் காட்டுகிறது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்திற்குச் சென்று, தம் வீட்டிலிருந்து 'லட்சுமி' திருடு போய்விட்டதாகப் புகார் அளிக்கிறார். லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத்தொட்டி. காவலர்கள் நகைக்கிறார்கள், அடிக்கிறார்கள், பின்னர் கையூட்டுக்குப் பேரம் பேசுகிறார்கள். அரங்கமும் முதலில் அவர்களோடு சேர்ந்தே நகைக்கிறது. புகாரின் உண்மைப் பொருள் விளங்கும்போது அந்த நகைப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

மனுவும் கையுமாக அலுவலக வாசலில் நின்றவர்களுக்கு இக்காட்சி மிகைப்படுத்தலாகத் தோன்றாது. தம் துயரம் எதிரில் அமர்ந்திருப்பவருக்கு வேடிக்கையாகிவிடுவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நாளை வா என்ற சொல்லின் எடையை அறிந்திருக்கிறார்கள். ஆகவே இறுதியில் கத்தி ஓங்கப்படும்போது எழும் சிரிப்பைக் குருதிவெறி என்று மட்டும் கொள்ள இயலாது. நெடுநாள் கேலிக்கு ஆளானவர்கள் அந்தக் கேலியைத் திருப்பித் தரும் ஒரு கணம் அது.

எனினும் இப்படங்கள் ஒன்றை மறைக்கின்றன. இவற்றில் நீதி பெரும்பாலும் ஓர் ஆணின் தனிச்செயல். பாதிக்கப்பட்ட மற்றவர்கள் காப்பாற்றப்படக் காத்திருப்பவர்கள், அல்லது கைதட்டுபவர்கள். மூணாறு மலைகளின் அண்மைய வரலாறு இதற்கு நேர்மாறானது. 2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். அப்போது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். 'பெம்பிளை ஒருமை' என்று பின்னர் பெயர்பெற்ற அந்த எழுச்சி, நிறுவனத்தை மட்டுமின்றித் தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்தது. ஒன்பது நாள் மறியலுக்குப் பின் 20 விழுக்காடு கிடைத்தது. தொடர்ந்த போராட்டங்களுக்குப் பின் கூலி 301 ரூபாயானது. அவர்கள் கேட்டதோ 500.

அந்தச் சாலையிலும் நகைச்சுவை இருந்தது என்பது கவனத்திற்குரியது. கூடை சுமக்கும் தங்களையும் பணம் சுமக்கும் தலைவர்களையும் ஒப்பிட்டு அப்பெண்கள் எழுப்பிய முழக்கங்களில் கூர்மையான எள்ளல் உண்டு. திரைப்படம் அந்த எள்ளலை எடுத்துக்கொள்கிறது. உடன் அமர்ந்திருந்த ஆயிரம் பேரை விட்டுவிடுகிறது. கூலி பேசி முடிக்க ஆகும் நாட்களையும், பாதி வெற்றியோடு வீடு திரும்பும் கசப்பையும் இரண்டரை மணி நேரத்தில் காட்டுவது கடினம். கத்தியைக் காட்டுவது எளிது.

படம் முடிந்ததும் லயத்தில் விளக்கு அணைகிறது. விடிந்தால் அதே மலைச்சரிவு, அதே எடைத்தராசு. இரவில் சிரித்தவர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதை அவர்களே நன்கு அறிவார்கள். அச்சிரிப்பைக் குறைத்து மதிப்பிடாமல் கேட்கக் கற்றுக்கொள்வதே திரைப்பட ஆய்வின் முதற்கடமை.