மூடி திறந்துதான் இருக்கிறது

உங்கள் வீட்டுப் பரணில் பழைய லேப்டாப் ஏதாவது தூங்குகிறதா? எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு டார்ச் லைட்டை எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

போன மாதம் முத்தியால்பேட்டை வீட்டுக்குத் தையல்கார அக்கா வந்திருந்தார். முன்பு எங்கள் தெருவில் இருந்தவர், இப்போது காரைக்காலில் மகளோடு இருக்கிறார். காபி குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, அப்பாகிட்ட சீட்டு கட்டினேன்ல... அந்தப் பணம் வந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. எங்க வீட்டுக்காரரு வாங்கியிருந்தாலும் வாங்கியிருப்பாரு. அவரும் இப்ப இல்ல. கணக்கு இருந்தா கொஞ்சம் பாருங்க."

அப்பா தெருவுக்குள் குலுக்கல் சீட்டு நடத்தியவர். 12 பேர், மாதம் ஆயிரம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாவிலிருந்து தையல்கார அக்கா வரை அதில் உண்டு. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்தபோது ஓடு பறந்து, அவருடைய கணக்கு நோட்டெல்லாம் கூழாகிப்போயின. அதன்பிறகு, 2004-ல் நான் வாங்கிய லேப்டாப்பை அவரிடம் கொடுத்து, "இதுல போடுங்கப்பா, நனையாது" என்றேன். நனையவில்லை. 2014-ல் ஒருநாள் திரை இருண்டுபோனது. அதே மாதம் அப்பாவும் படுத்துவிட்டார், எழுந்திருக்கவில்லை. ஒன்பதாவது மாதத்தோடு நின்ற சீட்டை, அம்மா சொன்ன ஞாபகத்தை வைத்து நான்தான் முடித்துவைத்தேன். லேப்டாப் பரணுக்குப் போனது.

இப்போது அதை இறக்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பி.காம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் எங்கள் வாத்தியார் சொல்வார்: "லெட்ஜரைக் கிழிக்காதே. வித்தியாசத்தைப் பாதியாக்கு. அந்தத் தொகை எங்காவது இருந்தால் பற்றை வரவில் போட்டிருப்பாய். வித்தியாசம் 9-ல் வகுபட்டால் 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம். சந்தேகத்தைக் குறுக்கிக்கொண்டே வா." லேப்டாப்புக்கும் இதே வைத்தியம்தான்.

பேட்டரி என்றோ செத்திருந்தது. அடாப்டரைச் சொருகி பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, ஹார்ட் டிஸ்க் முனகுகிறது. திரை மட்டும் கறுப்பு. அதாவது ஆளுக்கு உயிர் இருக்கிறது, முகத்தில்தான் கோளாறு. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தேன். நிழல் மாதிரி எழுத்துகள்! நேரமும் தேதியும் தொலைந்துவிட்டன, சரிசெய் என்றது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் சின்ன பேட்டரியும் தீர்ந்திருக்கிறது. போகட்டும், படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

இந்தத் திரைகள் தானாக ஒளி விடுவதில்லை. அந்தக் காலத்து லேப்டாப்பில் திரைக்குப் பின்னால் பென்சிலைவிட மெலிந்த ஒரு டியூப் லைட் இருக்கும். எல்.ஈ.டி. வந்து அதை ஓரங்கட்டியது அப்புறம்தான். டியூபுக்குச் சில நூறு வோல்ட் ஏற்றிக் கொடுக்க இன்வெர்ட்டர் என்று ஒரு குட்டிப் பலகை. அங்கே தெரியாமல் கை வைக்காதீர்கள். டியூபுக்குள் கொஞ்சம் பாதரசமும் உண்டு, உடைத்துவிடாதீர்கள்.

"ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புது கம்ப்யூட்டரில் மாட்டினால் போச்சு" என்பீர்கள். செய்யலாம். ஆனால் அப்பா தமிழில்தான் கணக்கு எழுதுவார். யூனிகோட் பரவாத நாளில் ஆளுக்கொரு ஃபான்ட், ஃபான்ட்டுக்கொரு குறியீடு. சென்னையில் 1999-ல் மாநாடு கூட்டித் தரப்படுத்திய பிறகும் பழைய ஃபான்ட்டுகள் போய்விடவில்லை. என் 2004 ஃபான்ட் இல்லாத மெஷினில் அப்பாவின் கணக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியும். பழைய மெஷினையே எழுப்புவது உத்தமம்.

நேரு வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடை. கடைத் தம்பி வெளி மானிட்டர் ஒன்றை மாட்டினார். படம் பளிச்சென்று வந்தது. "போர்டு நல்லாருக்குண்ணே. ரெண்டுலயும் கோடு கோடா வந்தா போர்டு போச்சுன்னு அர்த்தம். மூடிய ஆட்டும்போது படமும் ஆடினா கீல்ல போற கேபிள். ஒரே இடத்துல கோடு நின்னா பேனல்."

மிச்சம் டியூபும் இன்வெர்ட்டரும்தான் என்று நான் மனசுக்குள் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி கீல் பக்கம் குனிந்து, அங்கிருந்த அரிசி அளவு பொத்தானை ஊசியால் நெம்பினார். அதில் உப்புக்காற்றுத் துரு. ஒரு சொட்டு ஆல்கஹால். டக். திரை எரிந்தது.

"மூடியிருந்தா இந்தப் பொத்தான் அழுங்கி லைட்ட அணைச்சிடும்ணே. அழுங்கினது மேல வரவே இல்ல. திறந்து வெச்சும் மூடியிருக்குன்னே நினைச்சுக்கிட்டிருந்துச்சு."

இத்தனை வருஷமாக!

வீட்டுக்கு வந்து அப்பாவின் கணக்கைத் திறந்தேன். 12 பெயர்கள். ஒன்பது பேர் சீட்டு எடுத்துவிட்டார்கள். ஆளுக்கு இன்னும் 3,000 கட்ட வேண்டும், மொத்தம் 27,000. எடுக்காதவர்கள் மூன்று பேர். ஆளுக்கு 9,000 திருப்பித் தர வேண்டும், அதுவும் 27,000. சுத்தமான டேலி.

என் 2014 டைரியை எடுத்தேன். வரவு 27,000. இரண்டு பேருக்குக் கொடுத்தது 18,000. மிச்சம் 9,000-க்கு எதிரே என் கையெழுத்தில், "அப்பா கமிஷன் - மருந்துக்கு." அப்படி ஒரு கமிஷன் அப்பா வாங்கியதே இல்லை. வாத்தியார் சொன்ன அதே ஒன்பது! பி.காம். படித்தவன், புத்தகத்தைப் பார்க்காமலே கணக்கை மூடியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் காரைக்கால் போனோம். வட்டி சேர்த்துக் கவரில் வைத்திருந்தேன். அக்கா 9,000-ஐ எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி நீட்டினார். "வட்டிச் சீட்டா நடத்தினாரு உங்கப்பா?" அம்மா அதை வாங்கிப் பேத்தியின் கையில் வைத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் லேப்டாப்பில் அக்கா பெயருக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் தேதி போட்டேன். பரணில் ஏற்றவில்லை. மேஜையிலேயே இருக்கிறது, மூடி திறந்தபடி.

டார்ச் எடுத்து வைத்தீர்களா?