நூறு கெஜம்

முடிச்சூரில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் பத்து வருஷமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அங்கே படித்த ஒரு பையனைப் பற்றியது இது. பற்றியது என்னவோ அவனை, தப்பு என்னுடையது.

அப்போது அவன் பத்தாவது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாயைத் திறக்க மாட்டான். கீழுதடு லேசாக உப்பியிருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொள்கிற குட்டிப் புகையிலைப் பை. புகை கிடையாது, வாடையும் மிட்டாய் வாடைதான். ஈறு வழியாகவே நிகோடின் ரத்தத்தில் ஏறிவிடும்.

"போய்த் துப்பிட்டு, வாய் கொப்பளிச்சுட்டு வாடா" என்றேன். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னால் டியூஷனிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவனோடு சேர்ந்து வந்தவர்கள் மூன்று பேர். ஆக, நாலு பேர் ஃபீஸ். கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு இது.

இன்னொரு காரணமும் உண்டு. அவன் அதை வாங்கும் பெட்டிக்கடையில்தான் ராத்திரி எட்டரைக்கு நான் சிகரெட் வாங்குவேன். ஒருநாள் கடை வாசலில் நின்றவன் என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். அதற்குப் பிறகு எந்த வாயால் கண்டிப்பது?

பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது, 18 வயது ஆகாதவர்களுக்கு எங்கேயும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் வருஷச் சட்டம். வாயில் அடக்குகிற சரக்குக்கோ 2013-லிருந்தே தமிழ்நாட்டில் தடை. நூறு கெஜம் என்றால் 91 மீட்டர் சொச்சம். பள்ளி கேட்டிலிருந்து கடைவரை ஒருநாள் நடந்தே எண்ணினேன். எழுபத்திரண்டு எட்டு. எண்ணியதோடு சரி, புகார் எழுதவில்லை. கடையை மூடினால் எனக்கும்தானே நஷ்டம்.

ஒன்றரை வருஷம் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவன் அம்மாவைப் பார்த்தேன். பையனால் காரம் சாப்பிட முடியவில்லையாம். உள்ளுதட்டில் வெள்ளைத் திட்டு. பல் டாக்டர் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகப் பழக்கம் என்று கேட்டாராம். "எங்களுக்குத் தெரியவே இல்ல. உங்களுக்காவது தெரியுமா சார்?"

"தெரியாதும்மா" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே 1800-11-2356-க்குப் போன் போட்டேன். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய இலவச எண், தமிழிலேயே பேசுகிறார்கள். திட்டவில்லை. எந்தத் தேதியில் விடப்போகிறீர்கள் என்று கேட்டார்கள். தவிப்பு வந்தால் சில நிமிஷம்தான் நிற்கும், அதுவரை தண்ணீர் குடியுங்கள், நடங்கள் என்றார்கள். முதல் மூன்று நாள் கரும்பலகையில் எழுதுவதே தடுமாறியது. கண்ட பையன்மீதெல்லாம் எரிந்து விழுந்தேன். அப்புறம் மெல்லத் தணிந்தது.

ஐந்து மாதமாயிற்று. போன வாரம் அவனைத் தேடிப்போய் அந்த எண்ணைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, "நீங்க நிஜமா விட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டான். விட்டுவிட்டேன் என்றேன். அது பொய்யில்லை.

அவன் அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.