கண்டுபிடித்ததற்குக் கூலி இல்லை

மேட்டூர் ஆர்.எஸ். பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பார் என்று நண்பர் சொல்லியிருந்தார். அனல்மின் நிலையத்தில் சாம்பல் ஏற்றும் லாரிகள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. நான் போனபோது பட்டறையில் ஒரு பழைய மாருதி 800 நின்றது. கதவைச் சாத்தினாலும் ரூம் லைட் அணையவில்லை. அந்தப் பல்பு பத்து வாட்தான். ஆனால் சின்ன வண்டி பேட்டரியைக் காலி செய்ய அது விடிய விடிய எரிந்த இரண்டு மூன்று ராத்திரிகள் போதும். வண்டிக்காரர் யாரோ சொன்னதைக் கேட்டுப் புது பேட்டரியே வாங்கிப் போட்டிருந்தார். அதுவும் இறங்கிவிட்டது.

எலக்ட்ரீஷியன் கையில் எடுத்தது டெஸ்ட் லேம்ப். சங்ககிரியில் லாரிப் பட்டறையில் பையனாக இருந்தபோது அவரே செய்துகொண்டது. இண்டிகேட்டர் பல்பு ஹோல்டர், இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் கிளிப், இன்னொன்றில் சாக்கு தைக்கும் ஊசி. லாரி வந்தால் 24 வோல்ட் பல்பு, கார் வந்தால் 12. ஒயர் எத்தனையோ முறை மாறியிருக்கிறது, ஊசி மாறவில்லை. கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளில் மட்டும் இதை வைக்க மாட்டார். பல்பு இழுக்கும் கரண்ட் உள்ளே இருக்கும் போர்டைக் கெடுத்துவிடும் என்று அவற்றுக்கு மீட்டர் வைத்திருக்கிறார்.

டோர் சுவிட்சுக்கு ஒரே ஒயர்தான். மறுமுனை வண்டியின் பாடி. கதவு திறந்தால் பட்டன் வெளியே வந்து ஒயரை பாடியோடு சேர்க்கும், சாத்தினால் பிரிக்கும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றிச் சுவிட்சை வெளியே இழுத்து, அதன் உலோகப் பகுதி பாடியைத் தொடும்படி பிடித்துக்கொண்டார். கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, ஊசியைச் சுவிட்சின் முனையில் வைத்து, பட்டனை விரலால் அமுக்கினார். பல்பு எரிந்தபடியே இருந்தது.

“பாருங்க சார், அமுக்கியும் எரியுதுங்களா? உள்ள துருப்பிடிச்சு எர்த்த விட மாட்டேங்குதுங்க.”

ஒயரைக் கழற்றியதும் ரூம் லைட் அணைந்தது. ஒயர் கதவுத் தூணுக்குள் நழுவிவிடாமல் ஒரு கிளிப்பால் கவ்வி வைத்தார். விழுந்துவிட்டால் உள்பக்க டிரிம் முழுக்கக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ துளையை உப்புத்தாளால் தேய்த்துப் புதுச் சுவிட்சைப் பூட்டினார்.

கூலி சொன்னதும் வண்டிக்காரர் பேரம் தொடங்கினார்: “ஒரு ஸ்க்ரூ தானேங்க?” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேவையில்லாத பேட்டரியை விற்ற கடையில் இதே மனிதர் பில்லில் போட்ட தொகையை எண்ணிக் கொடுத்திருப்பார். ஸ்பேர்ஸ் கடைக்காரர் சுவிட்சின் மேல் வைக்கும் லாபத்தையும் யாரும் கேட்பதில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்தவன் கூலியில்தான் எல்லோருக்கும் கை வைக்கத் தோன்றுகிறது. அந்தப் பேட்டரிப் பணத்தை மிச்சப்படுத்தித் தந்திருக்கக்கூடிய அறிவுக்கு எந்த பில்லிலும் ஒரு வரி கிடையாது.

இப்போது பல கார்களில் இந்தச் சுவிட்ச் கதவுப் பூட்டுக்குள்ளேயே போய்விட்டது. தனியாகக் கிடைப்பதில்லை, முழுப் பூட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். எலக்ட்ரீஷியன் பூட்டைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்க்கிறார். சில வண்டிகளுக்குச் சரியாகிறது. மற்றவற்றுக்குப் பூட்டு வாங்கச் சேலத்துக்கு ஆள் போக வேண்டியிருக்கிறது.