முதலாண்டு மார்க்

ஜூன் 9

விசைத்தறி வைத்திருக்கும் பக்கத்துத் தெரு வீட்டுப் பெண் இன்று மார்க் ஷீட்டுகளோடு வந்தாள். பன்னிரண்டாவதில் என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்திருக்கிறாள். ஆறு செமஸ்டரையும் தரையில் பரப்பினோம். முதலாண்டில் துணைப்பாடக் கணிதம் 41, 43. சி நிரலாக்கம் 40. மூன்றாமாண்டில் 70-க்குக் குறைந்த தாளே இல்லை.

"டீச்சர், எம்.எஸ்சி. சீட் கிடைக்குமா?"

உடனே பதில் சொல்ல மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

ஜூன் 10

எங்கள் ஆர்.கே.பேட்டைப் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். பள்ளி முழுக்கத் தமிழ்வழி. கல்லூரியில் முதல் வாரமே எல்லாம் ஆங்கிலம். கணக்கு தெரியும், கேள்வி புரியாது. நவம்பர் தேர்வு வந்துவிடும். வெளித்தேர்வில் 75-க்கு 30, மொத்தத்தில் 40 எடுத்தால் தேர்ச்சி. அரியர் விழாவிட்டால் போதும் என்றுதான் வீட்டிலும் வகுப்பிலும் சொல்கிறார்கள். 40-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் மூன்று வருடம் கழித்து எங்கே போய் இடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குக் கோபம் அதில்தான்.

ஜூன் 12

அவளோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அரசுக் கல்லூரி எம்.எஸ்சி. தரவரிசை பெரும்பாலும் மூன்றாம் பகுதி மார்க்கை வைத்துத்தான். முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் அதில் அடக்கம். தமிழும் ஆங்கிலமும் வெளியே. அவளுக்கு 62 சதவீதம். முதலாண்டின் அந்த மூன்று தாள்களில் மட்டும் 60 எடுத்திருந்தால் 65 வந்திருக்கும். ஒரு துறையில் இருப்பதே கொஞ்சம் இடங்கள். மூன்று சதவீதம் பட்டியலில் எவ்வளவோ பேரை முன்னால் நிறுத்திவிடும். தமிழில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அது இங்கே கணக்கில் வராது என்றதும் முகம் வாடிவிட்டது.

ஜூன் 14

நல்லவேளை, மார்ச்சில் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். எம்.சி.ஏ. படிக்கப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் போதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் தரவரிசை டான்செட் மதிப்பெண்படிதான். முதலாண்டு 41 அங்கே குறுக்கே வராது. கலந்தாய்வு கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாக. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் இப்படியே. க்யூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே பேசும். ஆனால் அந்தத் தேர்வு இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. விண்ணப்பிக்கும் காலம் எப்போதோ போய்விட்டது.

ஜூன் 17

அவள் அப்பா வந்தார். "டீச்சரம்மா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குக் கூப்பிடுறாங்க. இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணுமா?" நியாயமான கேள்வி. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது. முதுகலைக்கு அது கிடையாது. எம்.சி.ஏ. இப்போது மூன்று வருடமில்லை, இரண்டுதான் என்று விளக்கினேன். யோசிக்கிறேன் என்றார்.

யாரோ ஏஜென்ட் லண்டனில் படிக்கும் ஆசையும் காட்டியிருக்கிறார், மொத்தம் 60 சதவீதம் தாண்டிவிட்டதால் சேர்ந்துவிடலாமாம். கணினி முதுகலைக்குச் சேர்க்கிறவர்கள் மொத்தத்தை மட்டுமல்ல, கணிதமும் நிரலாக்கமும் எப்படி என்று தாள்தாளாகவும் பார்ப்பார்கள். அவளுக்குக் குறைந்திருப்பதும் அவைதாம். கடன் வாங்கிப் போக வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னேன்.

ஜூன் 20

அப்பா சம்மதித்துவிட்டார். எம்.சி.ஏ. கலந்தாய்வுக்கும் அரசுக் கல்லூரி எம்.எஸ்சி.க்கும் இரண்டுக்குமே விண்ணப்பம். அவள் தம்பி இந்த வருடம் பி.எஸ்சி. சேருகிறான், அவனையும் உட்காரவைத்து மூன்றாம் பகுதி என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தேன்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலாண்டு வகுப்பின் முதல் வாரத்திலேயே, எந்த மார்க் எந்த வாசலில் கேட்கப்படும் என்று பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள்.