வண்டியை நிறுத்துவது எது?

பெங்களூரு

அன்புள்ள செழியனுக்கு,

சித்தி எழுதுவது. மழையில் எவ்வளவு இறுக்கிப் பிரேக் பிடித்தாலும் சைக்கிள் சறுக்கிக்கொண்டே போவது ஏன் என்று கேட்டிருந்தாய். உராய்வுப் பாடத்தைப் படித்துவிட்டு இப்படிக் கேட்கத் தோன்றியதே, அதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிரேக் கட்டை ரிம்மை உரசிச் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துவது சாலை. சக்கரத்தின் சுழற்சி குறையும்போது டயர் தரையை முன்னால் தள்ளுகிறது, தரை டயரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடிதான் உராய்வு. உன் சைக்கிள் டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. உன்னைக் காப்பாற்றுவது அவ்வளவு சின்ன இடம்!

இங்கே கோடை மழை தொடங்கும்போது இந்தப் பிடி ஏன் குறைகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயில் காலம் முழுக்கச் சாலையில் சொட்டிய எண்ணெயும் டயர்த் தூளும் புழுதியும் முதல் தூறலில் குழைந்து படலமாகிவிடும். சிக்னல் பக்கம் அது பல நிறங்களில் மினுங்கும். விடாமல் பெய்தால் கழுவிப் போய்விடும், ஆகவே முதல் சில நிமிடங்கள்தான் மோசம். போதாததற்குத் தூங்குமூஞ்சி மரங்கள் வேறு. அவற்றின் காய்கள் உதிர்ந்து, சக்கரங்களில் நசுங்கிப் பிசுபிசுவென்று கிடக்கும். நனைந்தால் ஸ்கூட்டர் வழுக்க அது ஒன்றே போதும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ரப்பருக்கும் காய்ந்த தார்ச்சாலைக்கும் உராய்வுக் குணகம் சுமார் 0.7, நனைந்த சாலையில் சுமார் 0.4. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் 9 மீட்டரில் நிற்கும். ஈரத்தில் 16 மீட்டர் ஆகும். வேகம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு.

இறுக்கிப் பிடிப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. உருளும் டயரில் தரையைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் தரைமேல் நழுவுவதில்லை. அங்கே இருப்பது நிலை உராய்வு. சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் அது நழுவு உராய்வாகிவிடும், பிடி குறையும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகள் எல்லாவற்றிலும் அது கட்டாயம்.

உராய்வின் தீமைகள் என்று தேய்மானத்தையும் வெப்பத்தையும் தேர்வில் எழுதுவாய், எழுது. ஆனால் உன் வேகமெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகக் கரைவதால்தான் நீ நிற்கிறாய் என்பதையும் மறக்காதே.

விடுமுறைக்கு வா. 1962-இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம் கஸ்தூர்பா சாலையில் இருக்கிறது, கூட்டிப்போகிறேன். அதற்குள் மழை வந்தால், திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துவிடு. அப்பா பைக்கின் டயரையும் குனிந்து பார். பட்டன் தேய்ந்து மொட்டையாகியிருந்தால் தண்ணீர் விலக வழியிருக்காது. மழைக்கு முன்பே மாற்றச் சொல், செழியா.

அன்புடன்,
சித்தி